திரேசா அக்காவின் கடிதம், இரண்டாம் தடவை

நவம்பர் 4, திங்கள்

விடியவே மழை. குவாட்டர்ஸ் முற்றத்தில் கணுக்கால் வரை தண்ணீர். குடை ஆஸ்பத்திரி வாட்டில் மறந்து கிடக்கிறது. நனைந்தபடியே கிளினிக்.

பதினொரு மணிபோல் திரேசா அக்கா வந்தார். முல்லைத்தீவுக் கரை. வயது நாற்பத்து மூன்று. கணவர் கடல்தொழில், இவர் சந்தையில் மீன் விற்கிறவர். போன வருடம் புற்றுநோய்க்காக இடது மார்பை எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் சேர்தான் அகற்றினார். மார்பை மீளமைக்கும் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருந்தோம். போய், ஒரு முழுநாள் வரிசையில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"பாக்கேலாதாம் டொக்டர். கடிதத்தில ஒண்டுமில்லையாம்."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இரண்டே வரி. மார்பு அகற்றப்பட்டவர், மீளமைப்புக்கு அனுப்புகிறோம். கீழே கையொப்பம். என்னுடையது.

எழுதிய ஞாபகமே இல்லை. "ஆர் எழுதினதெண்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?



நவம்பர் 5, செவ்வாய்

கொழும்புக்குப் போன். நாலாவது தடவை கிடைத்தது. அங்கே பேசிய இளம் டொக்டருக்குக் கோபமில்லை, களைப்பு. கடிதத்தைப் பார்த்துத்தான் யாருக்கு என்ன செய்யலாம் என்று அவர்களுடைய நிபுணர் யோசிப்பாராம். அநேகமான கடிதங்கள் இப்படித்தான் வருகின்றனவாம். வெள்ளி மாலைக்குள் முழு விபரமும் வந்தால் எடுப்பார்கள். அடுத்த கிழமை நடுவில் நிபுணர் வெளிநாடு போகிறார். அடுத்தது சித்திரை கழித்து.

அவர் சொல்லச் சொல்ல எழுதியது:
– கட்டியின் பரிசோதனை அறிக்கை
– கதிர்ச் சிகிச்சை எப்போது முடிந்தது
– வேறு வருத்தங்கள், மருந்து, சீனி வியாதி
– பழைய சத்திரசிகிச்சை, தழும்பு
– என்ன வேலை செய்கிறவர்
– அவருக்கு என்ன வேண்டும்

கடைசியை நான் ஒருநாளும் கேட்கவில்லை. யாரிடமும்.

திரேசா அக்காவுக்கு எடுத்தேன். "நாளைக்கே வாறன்."

நவம்பர் 6, புதன்

மழை குறையவில்லை. ஆனாலும் வந்துவிட்டார்.

திரையை இழுத்துவிட்டு முழுதாகப் பரிசோதித்தேன். தாதி மிஸ்ஸி பக்கத்தில். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக நீளத் தழும்பு.

"இது என்னக்கா?"

"ஷெல் பட்டது. கடைசிச் சண்டையில. ஒரு துண்டு இன்னும் உள்ளுக்கை கிடக்கு, முதுகுப் பக்கமா."

"ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லையே."

புதிய மார்புக்கான சதையைப் பெரும்பாலும் வயிற்றிலிருந்துதான் எடுப்பார்கள். இந்தத் தழும்புடன் முடியுமோ தெரியாது. என் இரண்டு வரியில் இது இல்லை. 

பிறகு கேட்டேன், என்ன வேண்டுமென்று. சட்டையைப் பூட்டி முடித்துவிட்டுச் சொன்னார்.

"துணியைச் சுத்தி உள்ளுக்கை வைக்கிறனான். மீன்பெட்டி தூக்கேக்கை அது சந்தைக்குள்ள விழுந்திட்டுது. ஒரு மனுசன் என்னெண்டு தெரியாமல் எடுத்துத் தந்தார். வடிவுக்கில்லை டொக்டர். இனி அப்பிடி விழக்கூடாது. அவ்வளவுதான்."

மிஸ்ஸி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னதை அப்படியே எழுதினேன்.

இரத்தம் எடுத்தாயிற்று. மழையால் பஸ் ஒழுங்காக ஓடவில்லையாம். அக்கா கண்டாவளையில் சித்தி மகள் வீட்டில் நிற்கிறார், நாளை முடிவுக்கு வருவார்.

நவம்பர் 7, வியாழன்

காலை முழுக்கப் போன். கதிர்ச் சிகிச்சை கொடுத்த இடத்தில் கோப்பு இல்லை என்றார்கள். திரும்ப எடுத்தேன். பெயரில் ஓர் எழுத்துப் பிழையாம். ஒன்றரைக்குக் கிடைத்தது.

மூன்று மணிக்கு இரத்த முடிவு. சீனி அளவு கூடுதல். நன்றாகவே கூட. அவருக்குச் சீனி இருப்பதே இன்றுதான் தெரியும்.

சொன்னேன். அக்கா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதைப் பாத்தா வேண்டாமெண்டுவினம் என்ன?"

"பிந்திச் செய்வம் எண்டு சொல்லலாம்."

"எழுதாமல் விடேலாதா டொக்டர்?"

எழுதாமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், பொய்யில்லை. சித்திரை வரை தள்ளிப்போனால் என்னால்தானே.

"அக்கா, முதல் கடிதம் நான்தான் எழுதினது. விபரங்களை விட்டிட்டு எழுதினபடியால்தான் உங்களைத் திருப்பினவை. சீனியோட வெட்டினால் காயம் ஆறாது, வைச்ச சதை அழுகிப்போகும்."

"நீங்கள் எழுதினது தெரியும். அண்டைக்கு எனக்கு முன்னாலதானே எழுதினனீங்கள்."

திங்கட்கிழமையும் தெரிந்துகொண்டுதான் என் முன்னால் பேசாமல் இருந்திருக்கிறார். முகத்தை எங்கே வைப்பது.

"சரி, எல்லாத்தையும் எழுதுங்கோ" என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

புதிய கடிதம் இரண்டு பக்கம். மூன்று தடவை திருத்தினேன். சேர் வாசித்துவிட்டு, "இனி எல்லாருக்கும் இப்பிடித்தான் போக வேணும்" என்றார். உள்ளே கிடக்கும் துண்டைப் பார்க்க ஸ்கேன் எடுக்க முடியவில்லை, இயந்திரம் வேலை செய்யவில்லை. மூன்றரைக்குப் பதிவறைக்குப் போய் அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் நாலு ஐந்துக்கு.

நவம்பர் 11, திங்கள்

பழைய பிரதிகளைத் தேடினேன். என் கையெழுத்தில் இன்னும் மூன்று, அதே இரண்டு வரி. மூன்று பேருக்கும் போன் எடுத்தேன். ஒருவருக்கு இன்னும் முறை வரவில்லை, ஒருவர் பதிலில்லை. கனகராயன்குளத்து அம்மாவையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. "எனக்குச் சரிவராதாக்கும் எண்டு இருந்திட்டன் பிள்ளை." வியாழன் வரச் சொன்னேன்.

மிஸ்ஸி அந்த ஆறு கேள்விகளையும் பெரிதாக எழுதி மேசைக்கு நேரே ஒட்டிவிட்டார்.

கொழும்பிலிருந்து சத்தமில்லை. 

நவம்பர் 12, செவ்வாய்

பத்து மணிக்குக் கொழும்பு நிபுணரே போன் எடுத்தார். வயிற்றைத் தொட மாட்டாராம். ஸ்கேன் செய்து, ஷெல் துண்டு இடையூறு இல்லையென்றால் முதுகிலிருந்து சதை எடுக்கலாம். பாரம் தூக்குகிறவர் என்பதால் தோள் பலம் குறையுமென்று நேரே பேசி விளக்க வேண்டுமாம். சீனி இறங்க வேண்டும். இறங்கினால் பெப்ரவரி இரண்டாம் கிழமை, அவருக்குப் பதில் நிற்கும் நிபுணர் செய்வார். பெயர் போட்டாயிற்று.

உடனே திரேசா அக்காவுக்கு எடுத்தேன். பின்னால் சந்தை இரைச்சல். எல்லாவற்றையும் சொன்னேன், தோள் விஷயமும்.



"அப்ப, ஏலாதெண்டு சொல்லேல்லை."

"சொல்லேல்லை அக்கா."

"பொறுங்கோ, இஞ்சாலை தள்ளி வாறன்." இரைச்சல் குறைந்தது. "இப்ப சொல்லுங்கோ. சோத்தை எவ்வளவு குறைக்க வேணும்?"