முந்திரி இல்லாத வீடு

டிசம்பர் 18, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. தேவனாம்பட்டினத்தில் படகு எதுவும் கடலுக்குப் போகவில்லையாம். மீன் கழுவுகிற வேலை மிச்சம்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபின் முதல் கிறிஸ்துமஸ். இவருடைய மகள் ஜெனிக்கு ஏழு வயது. தாயில்லாப் பிள்ளை. முந்திரி பட்டால் உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். நாலு வயதில் ஏதோ ஒரு பிஸ்கட் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். பிஸ்தாவும் ஆகாது என்கிறார் டாக்டர்.

பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்த எனக்கு இப்படி ஒரு பிள்ளை. எங்கள் ஊரில் உப்புமாவில்கூட முந்திரி விழும்.

என்னோடு வந்த முந்திரியையெல்லாம் எதிர்வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. மிக்ஸி ஜாருக்குச் சுடுதண்ணீர், சோப்பு, மறுபடி சுடுதண்ணீர். இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

டிசம்பர் 20, சனி

வார இதழோடு இலவசமாக வந்த கிறிஸ்துமஸ் பலகாரப் புத்தகம். பேய்க்கதை படிக்கிற மாதிரி படித்தேன். பிளம் கேக்: முந்திரி. ரவை கேக்: முந்திரி. மட்டன் பிரியாணி: முந்திரி விழுது. கடைசிப் பக்கத்தில் பழ ஜெல்லி, அப்பாடா என்று பார்த்தால் கீழே ‘அலங்கரிக்க: முந்திரி, பிஸ்தா’. அலங்கரிக்கிறார்களாம்.

பேனாவால் அடித்து அடித்துப் பூசணி விதை என்று எழுதினேன். கேக்குக்கு மைதா, வெண்ணெய், முட்டை, திராட்சை, செர்ரி. ரம் வேண்டாம், ஆரஞ்சுச் சாறு போதும்.

பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது. அதுதான் பயம். ஆனால் அதை ஒட்டிக்கொண்டே இன்னொன்றும் இருக்கிறது. சித்தி வந்தாள், பிள்ளையைக் கெடுத்தாள் என்று பேசுவார்களே. இந்த இரண்டாவது பயம் எனக்குள் இருப்பதே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 22, திங்கள்

லில்லி அண்ணி போன். இவருடைய அக்கா, சிதம்பரத்தில் இருப்பவர்கள். பண்டிகைக்கு வருகிறார்களாம்.

“புள்ளைய பாத்து வச்சிக்க செல்வி. அந்த மவராசி இருந்தப்ப ஒரு கொறையும் வந்ததில்ல.”

அந்த பிஸ்கட் யார் இருந்தபோது தின்றது? வாய்வரை வந்தது. “சரிங்க அண்ணி” என்று வைத்துவிட்டேன்.

மழை நிற்கவில்லை. கல்கல் பலகாரம் பொரிக்கப் புது எண்ணெய் வாங்க வேண்டும்.

டிசம்பர் 24, புதன்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அம்மா பஸ் ஏறி வந்தாள். பாதிப் புடவை நனைந்திருந்தது. டப்பா நிறைய அச்சு முறுக்கு. டப்பா மட்டும் நனையவில்லை.

“இதுல முந்திரி போட்டியாம்மா?”

“போடலடி. அதான் போன்ல தலப்பாடா அடிச்சிக்கினியே. ஒடச்சி வேணா பாரு.”

உடைத்தும் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, மொறுமொறுவென்று. பருப்பு எதுவும் இல்லை. அங்கே குடில் வேலை கிடக்கிறது என்று அம்மா அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள்.

டிசம்பர் 25

மாலை. ஆஸ்பத்திரி. ஜெனி தூங்குகிறாள். மூச்சு சீராக இருக்கிறது. சீராக இருக்கிறது.

காலைப் பூசை முடிந்து வந்து, அக்கம்பக்கத்துக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜெனி வந்து நின்றாள்.

“இதுல முந்திரி இருக்கா ஆன்ட்டி?”

யாரிடமும் கேட்காமல் எதையும் தொடமாட்டாள். இல்லை, சாப்பிடு என்று என் கையாலேயே முறுக்கைக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தாள். பிறகு உதடு. பிறகு விசில் மாதிரி மூச்சு. இவர் வண்டி ஓட்ட, நடுவில் அவள், பின்னால் நான், மேலே மழை. இயேசுவே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. தொடையில் ஊசி. ஆக்சிஜன்.

என்ன தின்றாள் என்று நர்ஸ் கேட்டார். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“பருப்பு போடலடி. முந்திரிய ஒரு கைப்புடி அரச்சி பாலெடுத்து ஊத்துனன். தேங்காப்பாலு மட்டும் ஊத்துனா வெள்ளையா வராதுல்ல. எப்பவும் ஊத்துறதுதான? ஐயோ, புள்ளைக்கு இன்னாடி ஆச்சு?”

திட்ட வரவில்லை. போன வருஷம் வரைக்கும் அந்தப் பாலை அரைத்துக் கொடுத்ததே நான்தான். தண்ணீர் ஊற்றினாயா என்று யாராவது கேட்பார்களா? அப்படித்தான் அது எனக்கும் ஞாபகம் வரவில்லை.

லில்லி அண்ணி வார்டுக்கு வந்தார்கள். “யாரு குடுத்தது?”

ஜெனி மாஸ்க்கைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். “நானேதான் எடுத்துத் தின்னேன் அத்தை.”

எனக்காகப் பொய் சொல்கிறது இந்த வாண்டு. பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

“இல்லங்க அண்ணி. நான்தான் குடுத்தேன். இல்லன்னு சொல்லிக் குடுத்தேன்.”

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. இவரிடம் மட்டும், “கொஞ்ச நாளு சிதம்பரத்துல எங்கூட இருக்கட்டும்டா.” இவர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டிசம்பர் 27, சனி

மழை விட்டது. நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டோம். கேக்கை யாரும் தொடவில்லை. ஹாலில் ஜெனியின் துணிப்பை, அண்ணி அடுக்கி வைத்தது. மத்தியானம் கிளம்புகிறார்களாம். இவர் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போகும்முன் அவள் சாப்பிட ரசம் சாதம் பிசைந்தேன். அண்ணி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவளத்தை நீட்டினேன். ஜெனி எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்தாள்.

என் கை நின்றுவிட்டது. ஊசி போட்டபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

“கேளுடி.”

“நீங்கதான ஆன்ட்டி.”

“நானா இருந்தாலும் கேளு. என்னை நம்பி வாயத் தொறக்காத.”

“முந்திரி இருக்கா?”

“இல்ல. புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு. ஒரு சொட்டு நெய்.”

“நெய்யி எங்க வாங்குன?” இது அண்ணி.

பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை எழுத்து விடாமல் படித்தார்கள். ம் என்றார்கள்.

ஊட்டினேன். அண்ணி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.