மெட்ராஸில் எடுத்த நெஞ்சுப் படம்

786
கோட்டைமேடு, கோயம்புத்தூர்
18.7.1995

அன்பு மகள் சமீராவுக்கு அம்மாவின் ஸலாம். இங்கே நாங்கள் மூன்று பேரும் இறைவன் கிருபையில் சுகமாக இருக்கிறோம், சவூதி தம்மாமில் நீயும் மருமகன் ஷாஹுலும் அதே சுகத்தோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வழக்கம் போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அஃப்ரா எழுதுகிறாள். பதினோராம் வகுப்புக்குப் போனதிலிருந்து நான் பேசுவதை அப்படியே எழுத மாட்டேன், புத்தகத்தில் இருக்கிற மாதிரிதான் எழுதுவேன் என்கிறாள், அதனால் படிக்கும்போது அம்மா எப்போது இப்படிப் பேசப் பழகினாள் என்று நினைக்காதே. தபாலில் போட்டால் தாமதமாகும் என்று, மருமகன் கம்பெனியில் இருக்கும் வெள்ளகோவில்காரர் கையில் கொடுத்துவிடுகிறேன், அவர் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறார். இங்கே சாரல் பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை, நம் ஜவுளிக் கடையில் ஆடித் தள்ளுபடிக்குச் சென்னிமலைத் துண்டுகள் வந்து இறங்கியிருக்கின்றன.

நீ எழுதியதை அஃப்ரா வாசிக்கக் கேட்டேன். உனக்கு நாள் தள்ளிப்போய், அங்கே டாக்டர் பார்த்துக் கரு என்று உறுதி சொன்னது சந்தோஷம். அதற்குள் அங்கே உன் பக்கத்து வீட்டு சாயிரா பானு வந்து, விசாவுக்காக மெட்ராஸில் உனக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த அன்றே அது வயிற்றில் இருந்திருக்கிறது, கதிர் உடம்பிலேயே தங்கிக் குழந்தையைத் தின்னும், கை கால் இல்லாமல் பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனதும், மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன், கலைப்பதற்கு டாக்டரிடம் சொல்லி வைக்கவும் என்று நீ முடித்திருப்பதும் கேட்டேன். அன்று மெட்ராஸில் அந்த எக்ஸ்ரே ஆள் எல்லார் காதிலும் விழும்படி, ஏம்மா, தலைக்குக் குளிச்சு எத்தினி நாளாச்சு என்று கேட்டபோது உன்னைப் பெற்ற அத்தா பக்கத்தில் நின்றதால், தள்ளிப்போனது தெரிந்தும் போன வாரம்தான் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். நம் வீட்டில் இந்தப் பேச்சு ஆண்கள் காதில் விழக் கூடாது என்று சொல்லி வளர்த்தவள் நான்தான், ஆகையால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நேற்று டாக்டரம்மா ராமாமணியிடம் போனோம். எனக்குக் கால் வலி என்று சொல்லித்தான் அத்தாவை அழைத்துக்கொண்டு போனேன், அவர் வழக்கம் போல வெளியே பெஞ்சில் உட்கார்வார் என்று நினைத்தேன், அன்றைக்கென்று கதவு வரை வந்து நின்றுகொண்டார். அஃப்ராதான் விஷயத்தைச் சின்னக் குரலில் சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, ஏனுங்க, படம் நெஞ்சுக்குத்தானுங்களே, வயித்துக்கு இல்லீங்களே என்று கேட்டார், ஆமாம் என்றேன். நாள் தள்ளிப்போனது மெட்ராஸ் போறதுக்கு முன்னாலயா பொறகாங்க என்று அடுத்ததாகக் கேட்டார். அத்தா நிற்பது கண்ணில் பட்டது, முந்தானையை இழுத்துச் சரிசெய்தேன். அஃப்ரா என் முகத்தைப் பார்க்கிறாள், டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறார். அப்போது உன் அத்தா அங்கிருந்தபடியே, முன்னாலயேங்க, அந்த ஆளு கேட்டப்ப நான் பக்கத்துல நின்னுபோட்டனுங்க, அதனாலதான் புள்ள மாத்திச் சொல்லிப்போட்டா என்றார். நீ எழுதியதை அஃப்ரா வாசித்தபோது அவர் குழாயடியில் தொழுகைக்கு ஒளுச் செய்துகொண்டிருந்தார், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நான் நினைத்திருந்தேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, உங்க ஊட்டுல எக்ஸ்ரேயக் காட்டிலும் உங்களுக்குத்தான் அதிகமா பயப்படறாங்களாட்ட இருக்குதுங்க, உள்ள வந்து உக்காருங்க என்றார். அவரும் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நான் சொன்னால் தப்பும் தவறுமாக வரும், அஃப்ராவே எழுதட்டும்.

அக்கா, இந்தப் பத்தி மட்டும் என்னுடையது. டாக்டரிடம் கேட்டதையும் நூலகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எக்ஸ்ரே ஒரு வகை ஒளி. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்காது அல்லவா, அதுபோல மெஷின் நின்றதும் அதுவும் இல்லாமல் போகிறது, உடம்பில் எதுவும் தங்குவதில்லை. கடந்து போகிற அந்த நொடியில்தான் அது வேலை செய்கிறது. நம் செல்களுக்குள் இருக்கும் தண்ணீரையும், பரம்பரைக் குணங்களைத் தாங்கும் நூல் போன்ற பொருளையும் சில இடங்களில் உடைக்கிறது. தறியில் இழை அறுந்தால் நெய்கிறவர் நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுகிறாரே, செல்லும் அப்படித்தான் பெரும்பாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. ஒரே சமயத்தில் ஏராளமான இழைகள் அறுந்தால்தான் முடியாமல் போகும். வேகமாகப் பெருகும் செல்களுக்குப் பாதிப்பு அதிகம், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர், குடலின் உள்தோல், இவை எல்லாவற்றையும் விடக் கரு. நெய்வதற்குப் பாவு நூல் ஓட்டும்போதே ஓர் இழை விட்டுப்போனால் சேலை முழுக்க அந்தக் கோடு வரும் என்று அத்தா கடையில் சொல்வார், ஆரம்ப மாதங்களில் கருவைப் பற்றிப் பயப்படுவதும் இதனால்தான். ஆகவே சாயிரா பானு அக்கா பயந்ததில் நியாயம் இருக்கிறது, ஆனால் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இதை அளக்க மில்லிசீவர்ட் என்று ஓர் அலகு உண்டு. மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் நாம் எல்லாரும் ஆண்டுக்குச் சுமார் இரண்டு மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். கருவுக்கு ஊனம் வருமோ என்று டாக்டர்கள் யோசிக்க ஆரம்பிப்பது ஏறக்குறைய நூறில். உனக்கு எடுத்த படத்தில் கதிரை நெஞ்சின் அளவுக்குக் குறுக்கித்தான் விடுவார்கள், சிதறி வயிற்றுக்குப் போய்ச் சேருவது ஒரு மில்லிசீவர்ட்டில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது என்றார் டாக்டர். அதைவிட அதிகமாகவே பத்து மாதத்தில் வெறும் மண்ணும் ஆகாயமும் எந்தக் குழந்தைக்கும் கொடுத்துவிடும். சாயிரா பானு அக்காவின் கணவர் பைப் வெல்டிங்கைக் கதிர் விட்டுச் சோதிக்கும் வேலையில் இருப்பதாக எழுதியிருந்தாய். இயற்கையாக வருவது போக, அவர் போன்றவர்களுக்கு ஆண்டுக்கு இருபது, வெளியாட்களுக்கு ஒன்று என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், கர்ப்பிணிகளை அந்தப் பக்கமே விட மாட்டார்கள். வரம்பு என்றால் அதைத் தாண்டிய உடனே ஆபத்து என்று அர்த்தம் இல்லையாம். தோட்டத்துக் கிணற்றிலிருந்து நாலு முழம் தள்ளியே வேலி போடுகிறார்களே, அப்படிப் போட்டது. நீ வேலிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை அக்கா. இனி அம்மா.

கேட்டாயா சமீரா. டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார், அதை நான் மறைக்கப் போவதில்லை. கொழந்தை ஒரு கொறையுமில்லாமப் பொறக்கும்னு நான் எழுதித் தரமாட்டனுங்க, எந்தப் படமும் எடுக்காதவங்களுக்கே நூத்துக்கு ரெண்டு மூணு ஏதாவது கொறையோட பொறக்குது, அதுக்கு மேல இந்தப் படம் எதையும் சேக்காது, இந்த ஒரு காரணத்துக்காகக் கலைக்கோணும்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன் என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. இனி யோசிக்க வேண்டியவள் நீ. புது ஊர், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, மருமகன் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார் என்று எழுதியிருந்தாய். அந்தப் பயத்தில் இப்போது குழந்தை வேண்டாம் என்று உனக்குத் தோன்றியிருந்தால் அதை அதாகவே எனக்கு எழுது, நான் கோபிக்க மாட்டேன், பேசிக்கொள்ளலாம். எக்ஸ்ரே மேல் மட்டும் பழியைப் போடாதே, அது இதில் சேர்த்தி இல்லை. உண்மையில் உனக்கு அந்தப் படம்தான் பயம் என்றால், அந்தப் பயத்தை இந்தக் காகிதத்தோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே டாக்டரிடம் படம் எடுத்த தேதியைச் சொல், அவர்கள் சொல்லும் மாதத்தில் ஸ்கேன் பார், அதில் இந்தக் கதிர் கிடையாதாம், வெறும் ஒலிதானாம். பல்லுக்கோ காலுக்கோ இனி யார் படம் எடுக்க வந்தாலும் முதலில் வயிற்றில் இருப்பதைச் சொல், கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வயிற்றின் மேல் ஈயம் வைத்த உறையைப் போடச் சொல்லிக் கேள். சாயிரா பானு நல்லவள்தான், அவள் தரும் குழம்பைச் சாப்பிடு, கஷாயம் எதுவும் கொடுத்தால் தொடாதே.

நேற்றுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அத்தாவைக் கேட்டேன், மெட்ராசுக்குப் புள்ளைக்குத் தொணையாப் போனீங்களா, காவலுக்குப் போனீங்களா என்று. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டு இருந்தேன் என்றார். இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்ததும், கடை தெறக்கலீங்களா என்று கேட்டேன், எழுந்து போகட்டும் என்றுதான். நீ சொல்லு ஆமினா, நான் இருக்கறேன் என்று பாயில் உட்கார்ந்துவிட்டார். தலைக்குக் குளித்தது பற்றிச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்தினேன், அஃப்ராவுக்குக் கேக்கலையாம், சத்தமாச் சொல்லு என்றார். உனக்கு அவர் சொல்லச் சொன்னது, இனி எங்க கேட்டாலும் உள்ளதச் சொல்லோணும் கண்ணு, நானே பக்கத்துல நின்னாலும்.

மருமகனுக்கு ஸலாம் சொல். உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் அல்லாஹ் தன் காவலில் வைத்துக்கொள்வானாக. நீ வருகிறாயா இல்லையா என்பதை மட்டும் உடனே தெரியப்படுத்து, எதுவானாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா ஆமினா பீவி
பக்கத்தில் இருந்து முழுவதும் கேட்டு, உன் அத்தா அப்துல் முத்தலிப்
எழுதியது அஃப்ரா