இடது பக்கம்தான் என்றாள்

வெள்ளி, இரவு

இன்று என் கை பழக்கத்தில் தப்பாக எழுதியது. கோவளத்தில் மீன் வெட்டி விற்கும் ஸ்டெல்லா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே வந்துவிட்டாள். காய்ச்சல், வாந்தி. குடல்வால் வீக்கம் மாதிரிதான் இருந்தது. வலி இடது பக்கம் என்று மூன்று முறை சொன்னாள். குடல்வால் வழக்கமாக வலப்பக்கம்தான் இருக்கும்; நான் ‘வலது’ என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டாள்.

“டாக்டரம்மா, தெனம் மீனு வயித்த கீறுறவ நானு. என் வயித்துல எங்க நோவுதுன்னு எனுக்குத் தெரியாதா? அடிச்சிட்டு எழுது.”

எரிச்சலோடுதான் ஸ்கேனுக்கு அனுப்பினேன். பெருங்குடல் முழுவதும் இடப்பக்கம், சிறுகுடல் வலப்பக்கம். கருவில் திரும்ப வேண்டிய குடல் சரியாகத் திரும்பவே இல்லை. வீங்கிய குடல்வால் அவள் விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. உடனே அறுவை செய்தோம். அந்தத் திமிர்தான் அவளைக் காப்பாற்றியது.

மாலையில் கண் விழித்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“எடம் மாறிப்போயும் நாப்பத்தாறு வருசமா வேல செஞ்சிகினுதான கீது!” என்றாள் பெருமையாக. பிறகு, “உனுக்கு எந்தப் பக்கம்? பாத்துகினியா?”

சிரித்துவிட்டு வந்தேன். இப்போது படுத்தபடி வயிற்றை அழுத்திப் பார்க்கிறேன். எத்தனையோ பேர் வயிற்றைத் திறந்தவள் நான். என்னுடையதை ஒருமுறைகூட ஸ்கேன் எடுத்ததில்லை.