சாவி கொடுத்தால் ஆடும் தொட்டி

இன்று காலை மெக்கானிக் வந்து நம் பையன் வீட்டு வாஷிங் மெஷினைச் சாய்த்துப் போட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தொட்டியைத் தாங்கிக்கொண்டு நான்கு ஸ்பிரிங்குகள். அதில் ஒன்று அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. "ஸ்பிரிங் போயிந்தம்மா, அந்துகே கொட்டுகுண்டோந்தி" என்றான் தெலுங்கில். அதனால்தான் ஒரு வாரமாக அது இடித்துக்கொண்டு கிடந்ததாம். பால்கனி முழுக்கப் பழைய கிரீஸ் வாடை. உங்கள் சட்டைக் கையிலிருந்து நான் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் போகாத அதே வாடை. நான் சமையலறைக்குப் போய் வெறுமனே குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

உங்களுக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே நீங்கள் பதில் எழுதுகிற ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் திருச்சியிலிருந்து நான் எழுதிய ஆறு கடிதத்துக்கு ஒரு தபால் அட்டை வந்தது, அதிலும் பாதி வானிலை. ஆனாலும் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை நான் உங்களிடம் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உங்களுக்குப் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்பது ஊருக்குத் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். சைனிக்புரியில் நம் தெருவில் பாதி வீடு அப்படித்தான். பெண்கள் கூடினால் இட்லி அரிசி கிடைக்கிறதா, பள்ளிக்கூடத்தில் என்ன கட்டுப்பாடு என்று பேசுவோம். யார் வீட்டுக்காரர் எந்தப் பிரிவு என்று ஒருத்தி ஒருத்தியைக் கேட்கமாட்டோம். டூர் போனால் போனார், வந்தால் வந்தார்.

முதல் வருடம் எனக்கு அந்த வழக்கம் தெரியாது. நீங்கள் இரண்டு வாரம் டூர் போய் வந்தீர்கள். ஊறப்போட எடுத்தபோது பேண்ட்டின் மடிப்பிலிருந்து மணல் கொட்டியது, அதில் பொடிப்பொடியாகச் சிப்பி. சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"கடலுக்குப் போயிருந்தீங்களா? மணலெல்லாம் ஒட்டிட்டிருக்கு."

உங்கள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லைங்க."

"சொல்லாதே. என்கிட்டயும் கேக்காதே. என் வேலையைப் பத்தி நீ எதுவுமே கேக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. அதற்கப்புறம் முப்பது வருடம், துவைக்கிற கல்லில் வைத்து முதலில் மணலை உதறிவிட்டுத்தான் ஊறப்போடுவேன். துவைக்கிறவளுக்கு எல்லாமே தெரிந்துவிடுகிறது. எங்கே போனீர்கள், வெயிலா மழையா, எவ்வளவு பயந்தீர்கள் என்பதுவரை அக்குளில் தெரியும். ஆனால் கேட்கமாட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்றால் நம்புவீர்களா?

நீங்கள் ஓய்வு பெற்ற அடுத்த மழைக்காலத்தில்தான் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது, சிக்குன்குனியா. காய்ச்சல் போனது, விரல்கள் திரும்பி வரவில்லை. தோசைத் திருப்பியைப் பிடிக்க முடியாது, ஈரத்துணியைப் பிழியவே முடியாது. மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த நம் பையன் உடனே ஒரு ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கி இறக்கினான். ஆனால் நம் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், அதுவும் காலையில் ஒரு மணி நேரம். சொல்லிவைத்தாற்போல் அந்த ஒரு மணி நேரத்தில்தான் கரண்ட் போகும். மெஷின் பிளாஸ்டிக் உறையோடு கூடத்தில் நின்றது, நான் அதன்மேல் பூச்சாடி வைத்தேன்.

"கரண்டே வேணாம்" என்றீர்கள் ஒருநாள். "கடிகாரத்துக்குக் கரண்டா குடுக்கறோம்? சாவிதானே குடுக்கறோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ராணிகஞ்சில் கடை கடையாக ஏறி இறங்கி, கை அகலத்துக்கு ஒரு சுருள் ஸ்பிரிங் பிடித்து வந்தீர்கள். பின்கட்டில் இரும்புச் சட்டம் அடித்து, அதில் உருண்டையான எவர்சில்வர் தொட்டியை இரண்டு பக்கமும் பேரிங்கில் தொங்கவிட்டீர்கள். கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றினால் அந்தச் சுருள் மெல்ல மெல்ல அவிழ்ந்து தொட்டியைத் தொட்டில்போல ஆட்டும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று சின்ன ஸ்பிரிங்குகள் வேறு. அவை எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீங்களாகவே சொன்னீர்கள்.

"தள்ளுறது பெரிய விஷயமில்லை. ஒரு பக்கம் போயிட்டுத் திரும்புதே, அந்த இடத்துலதான் இடிக்கும். இடிச்சா தேய்மானம், சத்தம், ஆயுசு குறைவு. வர்ற வேகத்தை இந்த ஸ்பிரிங் வாங்கி வெச்சுக்கிட்டு அப்படியே திருப்பிக் குடுத்துடும். எதுவும் வீணாகாது."

முப்பது வருடத்தில் முதல்முறையாக உங்கள் வேலை எனக்குப் புரிந்தது. அதிர்வு. நீங்கள் இத்தனை வருடமாக அதிர்வைத்தான் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எதன் அதிர்வு என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. சட்டத்தின்மேல் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு முடுக்கிவிடுவீர்கள். தொட்டி ஆடும், டம்ளரில் சின்ன வளையம்கூட எழாது. "பார்த்தியா, ஒரு சொட்டு சிந்தலை" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். ஓடி ஓடி வந்து பார்த்தேன். அந்த நாலைந்து மாதம்தான் நாம் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் மட்டும் ஓடிப்போய் அதன்மேல் பெட்ஷீட்டைப் போர்த்திவிடுவீர்கள். துணி துவைக்கிற தொட்டியில் என்ன ராணுவ ரகசியம் என்று நான் உள்ளே போய்ச் சிரித்துக்கொள்வேன்.

பிறகு பழைய சேலை கேட்டீர்கள். சோதனைக்கு வேண்டும் என்றீர்கள். நான்கு நூல் சேலை எடுத்துக்கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, அடிக்கு அடி சதுரம் சதுரமாக வெட்ட ஆரம்பித்தீர்கள். வெட்டியதைத் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதி, கட்டுக் கட்டாக அடுக்கினீர்கள். ஆபீஸில் எதைச் சோதித்தாலும் ஒரே அளவு, ஒரே எடைதான் என்றீர்கள். சதுரத் துணிகளைப் போட்டால் தொட்டி அவ்வளவு அழகாக ஆடியது.

அன்றைக்கே எனக்குத் தெரியும்.

விரல் போனதிலிருந்து நான் சேலையைப் பேசினில் போட்டு உள்ளங்கையால் அழுத்தித்தான் துவைத்துக்கொண்டிருந்தேன். ஆறு கஜம் தண்ணீரில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அது முறுக்கிக்கொண்டு ஒரே பக்கமாகத் திரண்டுவிடும். உங்கள் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிடும். எந்த வீட்டிலாவது சேலையைச் சதுரமாக வெட்டியா துவைக்கிறார்கள்? இந்த வாக்கியம் என் வாய்வரை வந்தது. காபி டம்ளரோடு உங்கள் எதிரில் நின்றேன். நீங்கள் நிமிர்ந்து, "என்ன?" என்றீர்கள். "ஒண்ணுமில்லை, காபி" என்றேன்.

ஏன் சொல்லவில்லை? உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று முப்பது வருடம் பழகிய வாய், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி வீம்பு. துணி துவைப்பதற்கு ஒரு மெஷின் செய்கிற மனுஷன், இந்த வீட்டில் யார் துணி துவைக்கிறாளோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்கட்டுமே என்று இருந்தது. நீங்கள் கேட்கவில்லை.

ஜீடிமெட்லாவில் சின்னத் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவரை உங்கள் நண்பர் யாரோ அனுப்பி வைத்தார். பிடித்திருந்தால் அவரே செய்து விற்பதாகப் பேச்சு. மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். நீங்கள் இஸ்திரி போட்ட சட்டை, ஆபீஸ் ஷூ. சதுரங்கள் உள்ளே, டம்ளர் மேலே, ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் "பாகுந்தி, பாகுந்தி சார்", நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாதான் கொடியில் கிடந்த என் சேலையை உருவி எடுத்துவந்து சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒகசாரி சீர வேஸி சூபிஞ்சண்டி சார்." ஒரு தடவை சேலையைப் போட்டுக் காட்டுங்கள் என்று.

"ஹவ், ஹவ், போடலாமே" என்று அந்த ஊர்ப் பாணியில் ஆமாம் சொல்லி வாங்கிப் போட்டீர்கள். எட்டுப் பத்து ஆட்டம் ஆடியிருக்கும். சேலை திரண்டு ஒரு மூலைக்குப் போனது. தொட்டி அந்தப் பக்கம் சாய்ந்து சட்டத்தில் இடித்தது, இன்னொரு தடவை இடித்தது, பிறகு தண்ணீரைக் கொட்டிக்கொண்டு அப்படியே நின்றது. டம்ளர் உருண்டு உங்கள் ஷூவில் தண்ணீர். அவர் மரியாதையான மனிதர், ஃபோன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் மூன்று வாரம் ஃபோன் இருந்த அறையிலேயே பேப்பர் படித்தீர்கள்.

அன்று சாயங்காலம் ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தீர்கள். நான் விளக்கேற்ற வந்தபோது கேட்டீர்கள்.

"சேலை போட்டா இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

இத்தனை வருடத்தில் உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் என்னைக் கேட்ட ஒரே கேள்வி. நான் சொன்னேன், "எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அதானே" என்றீர்கள். "உனக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரியப்போகுது." அதில் உங்களுக்கு ஒரு நிம்மதி தெரிந்தது. தவறு உங்கள் மேல் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் அந்த நிம்மதியோடு மெஷினையும் விட்டுவிட்டீர்கள். பெட்ஷீட்டைப் போர்த்தினீர்கள், பிறகு எடுக்கவேயில்லை. தெரியும் என்று நான் சொல்லியிருந்தால் கத்தியிருப்பீர்கள். இரண்டு நாள் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள். மூன்றாம் நாள் "அப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

நவம்பரில் பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட நீங்கள் பேங்குக்குப் போனீர்கள். அன்று தண்ணீர் வரும் நாள். நான் பெட்ஷீட்டை எடுத்தேன். ஒரு சேலையை நீளவாக்கில் நாலாக மடித்து, தொட்டியின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றி, முந்தானையை அடியில் செருகினேன். பேசினில் தினமும் செய்வதுதான். விரலால் முடியாமல் முழங்கையால் கைப்பிடியைத் தள்ளித் தள்ளி முறுக்கேற்றினேன். டம்ளரும் வைத்தேன்.

ஆடியது. இடிக்கவில்லை, சாயவில்லை, சத்தமே இல்லை. கொடுத்த சாவி தீரும்வரை ஆடிவிட்டுத் தானாக அடங்கியது. சேலை வெளுத்திருந்தது. டம்ளரில் ஒரு சொட்டுக் குறையவில்லை. நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் களைத்துப்போய் வந்தீர்கள். வரிசை நீளம் என்றீர்கள். இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும், பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். பெட்ஷீட்டைப் பழையபடி போர்த்தி வைத்திருந்தேன், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் ஆரம்பித்தேன்.

"ஏங்க, அந்த மெஷின்..."

"நக்கோ" என்றீர்கள், தெருப்பிள்ளைகள் வேண்டாம் என்பதற்குச் சொல்வதுபோல, சிரித்துக்கொண்டேதான். "அந்தப் பேச்சை விடு."

விட்டுவிட்டேன். கேட்காதே என்றால் கேட்காமல் இருப்பதில்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே. எட்டாம் நாள் காலையில் தோசைக்குச் சட்னி அரைத்துவிட்டு வந்து பார்த்தால், பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் போய்விட்டிருந்தீர்கள்.

ஐந்து வருடமாகிவிட்டது. சைனிக்புரி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். நான் மாதாப்பூரில் எட்டாவது மாடியில் இருக்கிறேன். இங்கே நாள் முழுக்கத் தண்ணீர், கரண்ட் போனால் அந்த நொடியே ஜெனரேட்டர். உங்கள் மெஷின் சரியாக வந்திருந்தால்கூட இன்றைக்கு அதற்கு ஒரு வேலையும் இருந்திருக்காது. அதைச் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், ஆறவில்லை. நீங்கள் உலகத்துக்காக அதைச் செய்யவில்லை, என் விரலுக்காகச் செய்தீர்கள்.

வீட்டைக் காலி செய்த அன்று பழைய இரும்பு எடுக்கிறவன் அதை வண்டியில் ஏற்றினான். நம் பையன் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தான். ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான், "இது எப்பவாவது வொர்க் ஆச்சாம்மா?"

"இல்லடா" என்றேன்.

"பாவம் டாடி. வேஸ்ட்டா கஷ்டப்பட்டார்" என்றான்.

உங்களைப் பற்றி அவன் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறான், தன் பிள்ளையிடமும் அப்படித்தான் சொல்கிறான். மெக்கானிக் போனபிறகு இன்று அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அது ஆடியது என்று சொல்லலாம் என்றுதான். "என்னம்மா?" என்றான். சொன்னால் அடுத்து அவன் கேட்கப்போவது, அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான். "ஒண்ணுமில்லை, காபி குடிக்கிறியா?" என்றேன்.