அம்மா வண்டியை விற்கப்போவதில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். அம்மாவின் இடது முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருக்கிறது, அதுவும் ஆறிக்கொண்டு வருகிறது. அதை எடுத்த எடுப்பிலேயே எழுதிவிட்டேன், பிறகு வேறு வழியாகத் தெரிந்தால் நீ என்னைத்தான் உலுக்கி எடுப்பாய். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகம்தானே. அவர் முதுகுவலி எப்படி இருக்கிறது, நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாரா. போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுவாய், எனக்கோ சொல்ல வந்தது மறந்துபோகும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். புது வண்டியில் ஏறிய வாரமே அம்மா அதை வாசலில் சாய்த்துவிட்டு, அதைச் சிரித்துக்கொண்டே உன்னிடம் போனில் சொன்னாள். உடனே நீ, அந்த வண்டியை விற்கிற வரைக்கும் அம்மாவோடு பேசமாட்டேன், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டாய். சொன்னபடியே பேசாமலும் இருக்கிறாய். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்பதில் இந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. நீ என்னோடு பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், துணி மடிக்கிற சாக்கில். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிப்பாள். நான் போனை வைத்த பிறகு என்ன பேசினாய் என்று கேட்கமாட்டாள், சாப்பிட்டாளாமா என்று மட்டும் கேட்பாள்.

ஏன் இந்த வண்டி என்பது உனக்கு முழுசாகத் தெரியாது. அம்மா வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்க்கிறாள் அல்லவா, அதில் கல் குவாரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளுக்குப் போகிற ரோட்டை லாரிகள் உழுதுபோட்டுவிட்டன. அவளுடைய ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி உட்கார்ந்துகொண்டது. லேப் மேனேஜர் அந்த வீடுகளையே விட்டுவிடலாம், நீங்கள் கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுங்கள் என்றார். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் கட்டிலை விட்டு எழுந்து வர முடியாதவர்கள். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து, டோக்கன் கிழிக்கறதுக்கா நான் இத்தனை வருஷமா நரம்பு தேடக் கத்துக்கிட்டேன் என்று என்னைக் கேட்டாள். மறுநாளே தார் ரோட்டிலும் கல்லிலும் மண்ணிலும் போகிற உயரமான மோட்டார் சைக்கிள்களை விசாரிக்க ஆரம்பித்தாள். பெரிய கம்பெனி வண்டிகளின் விலையைக் கேட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். கடைசியில்தான் இந்த இறக்குமதி வண்டி. மலிவு, ஏனென்றால் ஷோரூம் கிடையாது, சர்வீஸ் கிடையாது, பாதி கோத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவான், மீதியை வாங்கியவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

பெட்டியை என் தையல் கடைக்குள்தான் இறக்கினார்கள், கட்டிங் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு. முன்சக்கரம் தனி, ஹேண்டில்பார் தனி, பேட்டரி தனி. கூட வந்த புத்தகத்தை மொழிபெயர்த்தவர் ஆயுசில் வண்டியையே பார்த்திருக்கமாட்டார். எதிர்க் கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், அவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணே, பேரே தெரியாத வண்டியில கை வச்சா நாளைக்கு எல்லாம் என் தலையில விழும் என்று நழுவிவிட்டார். ஆகவே நாங்கள் இருவருமே கோத்தோம். கம்பெனியில் போட்ட போல்ட் பாதி வெறுங்கையிலேயே திரும்பியது. ஒவ்வொன்றையும் முறுக்கி, போல்ட் தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவைத்தோம், கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது அம்மாவின் யோசனை. காலையில் கோடுகளைப் பார்க்காமல் அவள் கிளம்புவதில்லை.

எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்தால் ஒரு கால்தான் தரையைத் தொட்டது, அதுவும் விரல் நுனி. வீட்டில் தையல்காரன் இருக்க இதற்கு வேறு ஆள் எதற்கு என்று நான் மார்தட்டிக்கொண்டு, பேன்ட்டுக்கு எடுப்பதுபோல உள்கால் அளவு எடுத்து, சீட்டைப் பிரித்து, ஸ்பாஞ்சை அறுத்து, உறையை மறுபடி தைத்தேன். ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி வண்டி தானாகவே இறங்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. துணி அப்படியெல்லாம் இறங்காதே. அம்மா ஏறியதும் முழங்கால் இரண்டும் மேலே வந்துவிட்டன, ஆள் குழிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தாள். மெக்கானிக் வேலையைப் போட்டுவிட்டு வந்து சிரித்தார். அறுத்ததில் பாதியைத் திரும்ப ஒட்டிய பிறகுதான் சரியாக வந்தது. சிரிக்க வந்தவர் குனிந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு, இது பழைய நூற்றைம்பது சிசி வண்டி எஞ்சினோட நகல்தான், பார்ட்ஸ் எல்லாம் நம்ம கடைத்தெருவிலயே கிடைக்கும், இந்த செயினை மட்டும் உடனே மாத்திடுங்க என்றார். மாற்றலாம் மாற்றலாம் என்று தள்ளிப்போட்டோம்.

போன வாரம் ஒருநாள் அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், அதற்கும் எடுக்கவில்லை. மெக்கானிக்கிடம் ஓடினால் அவர் ஏற்கெனவே ஸ்பேனரை எல்லாம் பையில் போட்டுக்கொண்டிருந்தார். செயின் அறுந்து கீழ விழுந்துட்டாங்களாம், அக்காதான் போன் பண்ணாங்க, உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க என்றார். என் பெண்டாட்டி அடிபட்டு நடுவழியில் நிற்கிறாள், எனக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று எதிர்க் கடைக்காரருக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் வண்டியின் பின்னால் ஏறிப் போனேன். குவாரியைத் தாண்டி வண்டி ஓரமாகச் சாய்ந்து கிடந்தது, அம்மா சிராய்த்த முழங்கையோடு ஒரு கல்மேல் ரத்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐஸ் கரையறதுக்குள்ள இதை லேபுக்குக் கொண்டுபோங்க, வண்டியை அப்புறம் பாக்கலாம் என்று மெக்கானிக்கை அனுப்பிவிட்டாள். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் இருவர் மட்டும்தான். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன், பாப்பா சொன்னதுதான் சரி, நாளைக்கே இதை விற்கிறோம் என்றேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, இதுக்கு முன்னாடியும் விழுந்திருக்கேன், சொல்லலை, சொன்னா நீங்க இப்படிக் கத்துவீங்க, மொதல்ல விழுந்ததை அவகிட்ட சொன்னேன், அவ பேச்சையே நிறுத்திட்டா என்றாள். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை, லேபில் ரிசல்ட் படிக்கிற குரலில் சொன்னாள்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. தினமும் அவள் வந்து வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் எனக்குச் சட்டைப் பட்டனுக்கு ஒரு காஜாகூட நேராக வருவதில்லை. ஆனால் நாம் கோபப்பட்டால் அவள் வண்டியை விடமாட்டாள், விழுந்ததைச் சொல்வதைத்தான் விடுவாள். அதைவிடப் பெரிய பயம் எனக்கு இல்லை. இப்போது எங்களுக்குள் ஒரு பேச்சு, நான் கத்தக்கூடாது, அவள் மறைக்கக்கூடாது. புதுச் செயின் போட்டாயிற்று. பேன்ட்டில் முட்டிக்கும், சட்டையில் முழங்கைக்கும் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். நேற்று வந்து, திருப்பத்துல சறுக்குச்சு, ஆனா விழலை என்றாள். தொண்டை வரைக்கும் வந்ததை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அப்படியா என்று மட்டும் கேட்டேன். அதற்கே எனக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

ஆகவே பாப்பா, விற்கச் சொல்லி நான் சொல்லப்போவதில்லை. நீ கோபத்தை வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பேசிக்கொண்டே கோபப்படு. விழுந்தாயா என்று ஆரம்பிக்காதே, வண்டி எப்படி ஓடுது என்று கேள், மீதியை அவளே சொல்வாள்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், முதுகை நிமிர்த்தி உட்காரச் சொன்னதாக அவரிடம் சொல். முக்கியமாக ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வாசலில் வண்டி கழுவுவாள், அப்போது அவள் போனுக்கே கூப்பிடு. மழை பெய்த மறுநாள் குவாரிப் பக்கத்து ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியோடு தாண்டிவிட்டாள், முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக வீட்டுக்கு வந்தாள். எப்படித் தாண்டினாய் என்று நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். மொதல்ல பாப்பாகிட்டதான் சொல்லணும், அதுக்கப்புறம்தான் உங்களுக்கு என்கிறாள்.

உன் அழைப்புக்காக அவளோடு சேர்ந்து காத்திருக்கும்,
அப்பா