மூன்று வார உப்பும் ஒரு முழுப் பாட்டும்

மார்ச் 11, புதன்

வெயில் இப்போதே கொளுத்துகிறது. விடிகாலை நான்கு மணிக்குப் பாத்தியில் இறங்கி, எட்டுக்குள் இரண்டு பாத்தி உப்பு வாரியாயிற்று. கண் கூசல். கால் வெடிப்பில் எரிச்சல்.

பக்கத்துப் பாத்தி ஜெபமாலை செய்தியோடு வந்தாள்.

“கடற்கரையில சனி, ஞாயிறு பாட்டுக் கச்சேரியாம்டி. உள்ளூர்க்காரங்க ஆதார் காட்டுனா டிக்கெட்டே வேணாமாம்.”

இரண்டு வருடமாக நடக்கிற கச்சேரி. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் உப்பளம் வரைக்கும் டும் டும் என்று அடி மட்டும் வரும். யார் பாடுகிறார்கள், என்ன பாட்டு, ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டில் கறி வேகிற வாசனை மாதிரி. எரிச்சல்தான் மிச்சம்.

இந்தத் தடவை போய் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்பது. முடிவு.

மார்ச் 12, வியாழன்

காற்று அதிகம். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“நாப்பத்திரண்டு வயசுல இன்னாத்துக்கு இதெல்லாம்? அங்க வர்றது பூரா மெட்ராஸ் பசங்க.”

“கடல் நம்ம ஊர்ல தானய்யா இருக்குது.”

டீயைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார், “மழ வந்தா?”

அதுதான் கேள்வி. பாத்திக் கரையில் மூன்று வார உப்பு குவிந்து கிடக்கிறது. தூறல் விழுந்தால் ஆளுக்கு ஒரு முனையாகத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்து, மணல் மூட்டை வைக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் ஓடியிருக்கிறேன். சோற்றில் கை வைத்திருந்தாலும் ஓட்டம்.

“மார்ச்சுல ஏது மழ?” என்றேன். சொன்னேனே தவிர, பயம்தான்.

சனிக்கிழமைக்கு:
ஆதார்
பச்சைப் புடவை
செல் சார்ஜ்
குவியலை மூடுவது

மார்ச் 13, வெள்ளி

மூட்டம். வேண்டுமென்றே செய்கிறது வானம்.

பழைய உப்பை மூடியாயிற்று. இந்த வாரம் வாரியது இன்னும் ஈரம். மூடினால் நீர் வடியாது. அந்தக் குவியலைத் திறந்தே விட்டோம். நான் வீட்டிலிருந்தால் மழை வராது, கிளம்பினால் வரும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதற்காக வீட்டில் உட்கார முடியுமா? போகிறேன்.

ஜெபமாலை போன் செய்தாள். “நீ வரலன்னா நானும் போமாட்டேன்.” வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் 14, சனி

திரும்பி வந்ததும் எழுதுவது.

நான்கரைக்குக் கிளம்பினேன். பாத்தியில் இறங்கும் முன் காலில் எண்ணெய் தடவுகிற பழக்கம். கை தானாகத் தடவிவிட்டது. கடற்கரையில் நாலடி வைத்ததும் முழங்கால் வரை மணல் அப்பிக்கொண்டது. “கச்சேரிக்கு வந்தியா, உப்பு வார வந்தியா?” என்று ஜெபமாலை சிரித்தாள். அவள் காலைப் பார்த்தேன். அதே கதி.

கேட்டில் ஆதாரைப் பார்த்துவிட்டுக் கையில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். ஆள் உயரப் பெட்டிகளிலிருந்து வந்த அடி நெஞ்சுக்குள் இடித்தது. உப்பளத்துக்கு வந்தது இதில் கால்வாசிகூட இல்லை.

ஆறு மணிக்கு ஒரு பெண் மேடைக்கு வந்தாள். கட்டைக் குரல். அவள் இழுத்துப் பாட, அடி பின்னால் ஓடி வந்தது. அடடா, இதைத்தானா இரண்டு வருடமாக எனக்குத் தராமல் வைத்திருந்தார்கள்!

பாதிப் பாட்டில் தூறல். கூட்டம் முழுக்க ‘ஓ’ என்று கத்தியது. பக்கத்தில் ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு, “ஆன்ட்டி, செம மழைல்ல?” என்றாள். “ஆமாம்மா” என்றேன். அத்தனை பேரில் நானும் ஜெபமாலையும் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

போன். வீட்டுக்காரர்.

“மழ புடிச்சிக்கிச்சு. சீக்கிரம் வா.”

கால் திரும்பிவிட்டது, நிஜமாகவே. இரண்டு எட்டு வைத்தேன். மேடையில் அவள் பாட்டின் அடுத்த வரியை எடுத்தாள். நின்றுவிட்டேன்.

“உன் தம்பியக் கூப்புட்டு மூடு. பாட்டு முடியல.”

போனை ஜாக்கெட்டுக்குள் வைத்தேன். பாட்டு முடியும் வரைக்கும் நின்றேன். நனைந்தேன். ஆடவும் செய்தேன், கொஞ்சம்.

மார்ச் 15, ஞாயிறு

மூட்டம். நான்கு மணிக்கே உப்பளம். திறந்திருந்த குவியலில் ஒரு பக்கம் கரைந்து ஓடியிருக்கிறது. தம்பி வர நேரமாகிவிட்டதாம். கால் பங்காவது போயிருக்கும். வருத்தம்தான். இல்லை என்று எழுதினால் பொய்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வாங்கினார் அவர். பிறகு,

“காத்துல ஒத்தக் கையால தார்ப்பாய இழுக்கறது எவ்ளோ கஷ்டம்னு தெரியுமா?”

“தெரியும். போன வருசம் உங்க அக்கா ஊர்ல கூத்து பாக்கப் போனியே, அன்னிக்கு மழ வந்துச்சு. நான் ஒத்தக் கையாலதான்யா மூடுனேன். உனக்குப் போன்கூடப் பண்ணல.”

கஞ்சியைக் கீழே வைத்தார். அப்புறம் எழுந்து போய் மணல் மூட்டைகளைக் குவியல் பக்கம் இழுத்து அடுக்கினார், ஓர் ஆளே எடுத்து வைக்கிற மாதிரி, கைக்கெட்டும் தூரத்தில்.

இன்றைக்கும் கச்சேரி ஐந்து மணிக்குத்தான் ஆரம்பம். வருகிறேன் என்று ஜெபமாலைக்குச் சொல்லியாயிற்று.