அக்காவின் இடது பின் கதவு

ஜூன் 3, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்!

திருட்டுத்தனமாக இந்த டைரியைப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: அக்கா என்பது எங்கள் கார். நான் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு அப்பா வாங்கியது. வயதில் மூத்தவள், ஆகவே மரியாதை.

மூன்று வாரத்துக்கு முன்னால், சிக்னலில் சாதுவாக நின்றுகொண்டிருந்தவளை ஒரு ரொட்டி வேன் பக்கவாட்டில் இடித்தது. ஓட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்காவின் இடது பின் கதவுதான் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஆகிவிட்டது. காப்பீட்டுக் கம்பெனி ஒரு ஒர்க்‌ஷாப்பைக் கைகாட்டியது. அங்கே விட்டோம். இன்று வந்தாள்.

வாசலுக்கு ஓடினேன். கதவைத் திறந்து சாத்தினேன். சாத்தவில்லை. மறுபடி. ஊஹூம். மூன்றாவது தடவை இடுப்பால் ஓர் இடி கொடுத்தேன், போனால் போகிறதென்று மூடிக்கொண்டது. மற்ற கதவுகள் எல்லாம் கடல் நீலம். இது மட்டும் பள்ளிச் சீருடை நீலம்.

ரசீதின் தலைப்பில் ‘பழுது பார்க்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. பார்த்திருக்கிறார்கள். பார்த்ததோடு சரி.

ஜூன் 4, புதன்

மழை. பின்சீட்டில் குளம். “மீன் விடலாமாம்மா?” என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

சீட்டில் இருந்த கட்டுத்துணிப் பெட்டி முழுக்க நனைந்து நாசம். அம்மா வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ். பதினோரு வீடு. இன்று ஆறு வீட்டோடு திரும்பிவிட்டாள். கட்டுத்துணி தீர்ந்துபோய் அம்மா பாதியில் வந்து நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

அம்மா கம்பெனிக்கு போன் செய்தாள். எடுத்த பெண்ணுக்கு நான் தேன்குரல் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் “உங்க பொறுமைக்கு நன்றி மேடம்.” அம்மாவுக்குப் பொறுமை இருக்கிறது என்று இவளுக்கு யார் சொன்னது?

“கதவு மூட மாட்டேங்குதும்மா. தண்ணி உள்ள வருது.”

“பதினாறு வருஷ வண்டிங்க மேடம். வயசானா அப்படி இப்படித்தான் இருக்கும்.”

பதினாறு வயதில் கிழவியா! எனக்கும் பதினாறுதான். எனக்கும் கதவு மூடாதா? ஸ்பீக்கரில் இருந்ததை மறந்து கத்திவிட்டேன். அம்மா என்னைச் சமையலறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு நன்றாகவே மூடியது.

சாயங்காலம் அம்மாவின் மேலதிகாரி பேசினார். இந்த மாதம் முடிவதற்குள் வண்டி சரியாக வேண்டும். இல்லையென்றால் பதினோரு பேரையும் வேறு நர்ஸிடம் கொடுத்துவிட்டு அம்மாவை ஆஸ்பத்திரி வார்டில் போட்டுவிடுவார்களாம். அம்மா “சரிங்க, சரிங்க” என்றாள். போனை வைத்துவிட்டு, “ஹெட்மாஸ்டர் வேற யாரையும் கால்ல கை வைக்க விடமாட்டாரே” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஹெட்மாஸ்டர் அவளுடைய மூன்றாவது வீடு, காலில் ஆறாத புண்.

காப்பீடு! காப்பும் இல்லை, ஈடும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு குஷி!!

காலையில் அப்பாவைச் சீண்டுவதற்காக ஃபிரிட்ஜில் இருந்த காந்தப் பொம்மைகளை எல்லாம் பிடுங்கி அக்காவுக்கு முகம் வைத்தேன். முன் கதவில் இரண்டு கண், ஒட்டிக்கொண்டது. பின் கதவில் மீசை. விழுந்தது. மறுபடி வைத்தேன். வழுக்கிக்கொண்டு விழுந்தது. கதவின் ஓரத்தில் ஒட்டுகிறது, நடுவில் மட்டும் ஒட்டவே இல்லை.

“அப்பா! அக்காவுக்கு மீசை பிடிக்கல!”

அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். காந்தத்தை வாங்கி அவரே வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. விரலால் தட்டினார், தொம் தொம்.

“தகரமே இல்ல இது. பட்டி. நசுங்கின கதவையே தட்டி, மேல பட்டி மாவு பூசிப் பள்ளத்த மூடி, பெயிண்ட் அடிச்சிருக்கானுங்க.”

“ஆனா ரசீதுல?”

இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். யார் முதலில் ஓடியது என்று சொல்ல முடியாது, வாசற்படியில் முட்டிக்கொண்டோம். ரசீதில் மூன்றாவது வரி: ‘இடது பின் கதவு — புதியது பொருத்தப்பட்டது.’

புதியது!

இத்தனை நாள் நான்தான் இந்த வீட்டின் பெரிய ஃபிராடு என்று நினைத்திருந்தேன். எனக்கும் மேலே ஆள் இருக்கிறது!

ஜூன் 11, புதன்

கதவு பழையது என்று அப்பா எழுதியதற்குக் கம்பெனி பதில் போட்டது. புதுக் கதவிலும் ‘சிறு மேற்பூச்சு’ இருக்கலாமாம். பழைய கதவுதான் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டுமாம். 19ஆம் தேதி அவர்களுடைய சர்வேயர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். எங்கள் பக்கம் ஒரு மெக்கானிக் இருந்து கதவைப் பிரித்துக் காட்டலாம்.

“நம்ம பட்டறைக்காரரைக் கூப்பிடு” என்றார் அப்பா.

“அவரா? ஒரு சத்தத்தக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத மனுஷன். வேணாம்” என்றாள் அம்மா.

நான் எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன். இப்போது எழுத வேண்டியதை எப்படி எழுதுவது? எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சத்தம் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால். பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து, அமுக்குகிற பேனாவைக் கதவோடு ஒட்டி வைத்து டிக், டிக். வண்டி நின்றால் நிறுத்துவேன், ஓடினால் ஆரம்பிப்பேன், பள்ளம் வந்தால் இரண்டு டிக் இனாம். அம்மா குழம்பிப் போனாள். தெருமுனைப் பட்டறை மெக்கானிக் மாமாவிடம் கொண்டுபோனாள். அவர் கதவைப் பிரித்தார், ஒன்றுமில்லை என்றார். வீடு திரும்பும்போது டிக். மறுபடி பிரித்தார். டிக். மூன்றாவது தடவை உள்ளே பஞ்சுப் பட்டை எல்லாம் ஒட்டிக் கொடுத்தார். டிக் டிக் டிக்.

அம்மா அன்றைக்குப் பதினோரு வீடு முடித்து வந்திருந்தாள். இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைப் பார்த்து, “உங்களுக்குக் காது கேக்குதா இல்லையாண்ணே?” என்று கேட்டுவிட்டாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். அதோடு நாங்கள் அந்தப் பட்டறைக்குப் போவதில்லை.

அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்ல நினைச்ச நாளெல்லாம் அம்மா களைப்பா இருந்தா. சாக்கு! சும்மா சாக்கு! வேன் இடிச்ச அன்னைக்கு கம்பெனிக்காரங்க கேட்டாங்க, உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் யாராவது இருக்காங்களான்னு. அம்மா சொன்னா, “அப்படி யாரும் இல்ல.”

அப்போ இந்தக் கதவு யார் வேலை? ஒர்க்‌ஷாப்காரன் வேலையா, என் வேலையா?

ஜூன் 12, வியாழன்

பள்ளி விட்டதும் சைக்கிளை நேராகப் பட்டறைக்கு விட்டேன். மாமா ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தார். கால்கள்தான் தெரிந்தன. நல்லதாய்ப் போயிற்று. கால்களிடம் சொல்வது சுலபம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

கால்கள் அசையவில்லை. பிறகு மெதுவாக முழு மாமாவும் வெளியே வந்தார்.

“பேனாவா?”

“ஆமா மாமா.”

“நான் காது டாக்டர்கிட்ட போனேன், தெரியுமா? மெஷின்ல உக்கார வெச்சு பீப் பீப்னு அடிச்சான். காது நல்லா இருக்குன்னான். நான் அவனையும் நம்பல.”

சிரிக்கிறாரா, திட்டப் போகிறாரா என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குச் சொல்வதற்கு நக்கல் எதுவும் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயை எடுத்துக் குடித்தார். அது ஆறிப்போயிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார்.

அப்புறம் கம்பெனி விஷயத்தைச் சொன்னேன். “புதுக் கதவு போட்டதா ரசீது குடுத்திருக்காங்க மாமா.”

டம்ளர் பாதியில் நின்றது.

“எந்தக் கதவு?”

“இடது பின்னாடி.”

“நான் மூணு தடவ பிரிச்சேனே, அதே கதவா?”

“அதேதான்.”

மாமா எழுந்தே விட்டார்! “ஏய் வாலு! நான் எந்தக் கதவப் பிரிச்சாலும் மூடுறதுக்கு முன்னாடி உள்பக்கத் தகரத்துல தேதி போடுவேன். மஞ்சப் பெயிண்ட் பேனாவுல. நாளைக்கு எவனாவது தொட்டாத் தெரியணும்ல? உங்க கதவுல மூணு தேதி இருக்கணும். புதுக் கதவுன்னா ஒண்ணும் இருக்காது.”

நான் அங்கேயே குதித்தேன். ஒரு எண்ணெய் டப்பாவை உருட்டிவிட்டேன். அதற்குத் திட்டினார், அது சந்தோஷமாக இருந்தது.

ஆனால் நிபந்தனை போட்டார். “உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு. சொன்னாத்தான் பத்தொம்போதாந் தேதி வருவேன்.”

ஜூன் 13, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

சொல்லப் போனேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. (காலை பத்து மணிக்குத் தூங்கினால் யாராவது எழுப்புவார்களா? எழுப்புவார்கள். நான் எழுப்பவில்லை.)

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்!

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டை ஒன்றைப் பாதி மடித்த நிலையில் கையில் பிடித்துக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

“எங்க, அடிச்சுக் காட்டு.”

பேனாவை எடுத்து அலமாரிக் கதவில் அடித்துக் காட்டினேன். டிக், டிக்.

“இதேதான்” என்றாள். “வலி இல்லாமலே வலிக்குதுன்னு சொல்ற பேஷண்ட ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவேன். வீட்டுக்குள்ள ஒண்ண வெச்சுக்கிட்டு...” முடிக்கவில்லை. சட்டையை மடித்து முடித்தாள். செருப்பை மாட்டினாள். போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் கையில் பட்டறைக் கிரீஸ்.

“பத்தொம்போது காலைல ஒம்போது மணிக்கு வர்றாரு. நீ என்கூடப் பேசாத.”

ஜூன் 17, செவ்வாய்

அம்மா இன்னும் பேசவில்லை. ஃபிரிட்ஜில் துண்டுச்சீட்டு ஒட்டுகிறாள்: ‘பால் வாங்கு.’ நான் கீழே எழுதினேன்: ‘வாங்கியாச்சு, தங்கள் பொறுமைக்கு நன்றி மேடம்.’ சீட்டைக் கிழித்தாள். ஆனால் திரும்பி நின்று கிழித்தாள். தோள் குலுங்கியது. சிரிப்புதான், சத்தியமாக!

ஜூன் 19, வியாழன்

ஐயோ ஐயோ ஐயோ! வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பள்ளிக்கு மட்டம் போட அனுமதி. ஒன்பதுக்கு மாமா வந்தார், தலையெல்லாம் வாரி. சர்வேயர் வந்தார். குட்டையான மனிதர், காதில் பென்சில். கூடவே அந்த ஒர்க்‌ஷாப் மேலாளர், இஸ்திரி கலையாத சட்டை.

“புது டோர்தான் சார், நானே நின்னு போட்டேன்” என்றார் இஸ்திரி.

மாமா திருப்புளியை எடுத்தார். திருகாணிகளைக் கழற்றினார். உள்பலகையை எடுத்தார். அதற்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார். டார்ச் அடித்தார்.

பஞ்சுப் பட்டை. அதற்குப் பக்கத்தில் மஞ்சள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று தேதி!

“இருக்கு!” என்று கத்தியது நானில்லை. அப்பா.

சர்வேயர் குனிந்து பார்த்தார். நிதானமாக, “தேதி இருக்குங்க. ஆனா இத நேத்துகூட எழுதியிருக்கலாமே?” என்றார்.

மாமாவின் முகம் அப்படியே விழுந்தது. இஸ்திரி சிரித்தார். அன்றைக்குக் காது கேட்காதவர், இன்றைக்குப் பொய்யன் என்று மாமாவை இன்னொரு தடவை என் கண் முன்னாலேயே...

நான் தலையை அந்த ஓட்டைக்குள்ளேயே நுழைத்தேன். டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டேன். உள்ளே நீலப் புள்ளிகள், கொசு மாதிரி. சீருடை நீலம்! இவர்கள் பெயிண்ட் அடிக்கும்போது உள்ளே தெறித்தது.

“சார்! சார்! மஞ்சளுக்கு மேல நீலம் இருக்கு சார்! நேத்து எழுதியிருந்தா நீலத்துக்கு மேலதான மஞ்சள் இருக்கும்?”

சர்வேயர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுத்தின் மேல் நகத்தால் சுரண்டினார். நீலம் உதிர்ந்தது, மஞ்சள் நின்றது. இரண்டாவது தேதியின் பாதியில் சுத்தியலின் பள்ளம் வேறு. எட்டுப் படம் எடுத்தார். ஒர்க்‌ஷாப் மேலாளருக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது, மணி அடிக்காமலே.

“எல்லாஞ் சரி” என்றார் சர்வேயர். “ஒரே கதவ ஒரே மாசத்துல மூணு தடவ ஏன் பிரிச்சீங்க? அத நான் அறிக்கையில எழுதணும்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார், நல்ல மனிதர்.

சொன்னேன். பேனா, பின்சீட்டு, பள்ளத்துக்கு இனாம், எல்லாம்.

அவர் சிரிக்கவே இல்லை. காகிதத்தில் எழுதியதை எட்டிப் பார்த்தேன்: ‘காரணம்: பின்சீட்டில் இருந்த மகள்.’

ஜூன் 24, செவ்வாய்

கடிதம் வந்தது! நிஜமான புதுக் கதவு, முழுப் பெயிண்ட், எங்களுக்குப் பிடித்த பட்டறையில், கம்பெனி பொறுப்பில்! தேன்குரல் போனிலும் சொன்னாள். அம்மா அவளிடம், “உங்க பொறுமைக்கு நன்றிம்மா” என்றாள். நான் தரையில் உருண்டேன்.

ஜூன் 30, திங்கள்

மாமா முடித்துவிட்டார். நான்கு கதவும் ஒரே கடல். அம்மாவின் மேலதிகாரி வந்து சாத்திப் பார்த்தார். ஒரே தடவையில் டப். பதினோரு பேரும் அம்மாவுக்கே!

ஜூலை 5, சனி

விடுமுறை. நானும் வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். யோசித்தாள்.

“முன்சீட்டுல உக்காரு” என்றாள்.

முன்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. சிக்னலில் நிற்கும்போது அம்மா அடுத்த வீட்டுக்காரரின் மருந்துகளை முணுமுணுக்கிறாள், வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. இது எனக்குத் தெரியவே தெரியாது. மூன்றாவது வீட்டில் ஹெட்மாஸ்டர் காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, சன்னலில் இருந்தே, “நாலு நிமிஷம் லேட்டு!” என்று அதட்டினார். அம்மா அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

பின்சீட்டு முழுக்கக் காலி. இருந்தும் கட்டுத்துணிப் பெட்டியை என் மடியில்தான் வைத்தாள். நல்ல கனம். இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். நாலாவது வீட்டுக்குப் போகிற வழியில் ஏன் என்று புரிந்து அவளைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சாலையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

பதினோரு வீடும் முடிகிறவரை சேட்டைக்கு எனக்கு ஒரு விரல்கூட மிச்சமில்லை.